பாத்தி பிரிப்பதற்கு முன் ஒரு பருவம்

விளைந்ததை விற்றுக் கணக்குப் பார்க்கும் பண்ணை இல்லை எங்களுடையது. மாணவர்கள் மண்ணில் கை வைத்துப் பழகவும், சூழலைக் கெடுக்காத சாகுபடி முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கவும் உருவான இடம். திடல் வேலைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மட்கு உரம், பசுந்தாள் உரம் (பச்சைச் செடியை வளர்த்து அதே மண்ணில் மடக்கி உழுவது), வேதி உரம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பல வருடம் தொடர்ந்து பார்க்கும்படி ஒரு சோதனைத் திடல் வேண்டும் என்று முடிவானது. அதை அமைத்த கதைதான் இது. உரம் எதுவும் போடுவதற்கு முன்னால் ஒரு முழுப் பருவம் நிலத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பருவத்தைத் தாண்டிப் போயிருந்தால் இன்று என்ன தவறான முடிவை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

நிலம் கிழக்கு மேற்காக 42 மீட்டர், வடக்கு தெற்காக 34 மீட்டர். கண்ணுக்குச் சமமாகத் தெரியும். மண்ணும் ஒரே நிறம். காகிதத்தில் போட்ட முதல் திட்டம் இப்படி: 8 மீட்டருக்கு 6 மீட்டர் அளவில் 12 பாத்திகள். மூன்று முறைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாத்திகள். மேற்கிலிருந்து கிழக்காக மூன்று மூன்று பாத்திகள் ஒரு வரிசை, அப்படி நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையும் ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று முறைகளும் ஒரு தடவை வரும். நடுவில் 2 மீட்டர் புல் பாதை.

8-க்கு 6 என்று எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூலைவிட்டம் சரியாக 10 மீட்டர் வரும். நான்கு முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, குறுக்கே நாடாவைப் பிடித்தால் 10 வரவேண்டும். இரண்டு குறுக்கும் 10 வந்தால் மூலை நேராக இருக்கிறது. வந்த மாணவர்கள் இதை முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாத்தியில் ஒரு குறுக்கு 10.12, மற்றது 9.88 என்று வந்தது. "12 சென்டிமீட்டர்தானே சார்" என்றான் ஒருவன். அந்தப் பாத்தியின் பிழை அடுத்த பாத்தியின் பாதைக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. கடைசிப் பாத்தி வரப்பில் போய் இடிக்கும். முளைக்குச்சியைப் பிடுங்கி மறுபடி அடித்தோம்.

முளைக்குச்சி அடித்து முடித்த அன்று சாயங்காலம், பண்ணையில் பல வருடமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். மேற்கு ஓரத்தைக் காட்டி, "தம்பி, அந்தப் பக்கம் எப்பவுமே விளைச்சல் கொஞ்சம் மட்டுதான். முன்னாடி டிராக்டர் அங்கதான் திரும்பும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆனாலும் அது எவ்வளவு தூரம், எவ்வளவு மட்டு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அளந்து பார்த்துவிடலாம் என்று அன்று இரவு முடிவு செய்தேன். முளைக்குச்சிகளை எல்லாம் பிடுங்கச் சொன்னபோது மாணவர்களின் முகம் வாடியது உண்மை.

ஒரே பயிர், ஒரே விதை, உரம் இல்லை

இந்த யோசனை நூறு வருடத்துக்கும் பழையது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் மெர்சர், ஹால் என்ற இருவர் ஒரு ஏக்கர் கோதுமை வயலை 500 சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாக அறுத்து எடை போட்டார்கள். ஒரே வயல், ஒரே விதை, ஒரே கவனிப்பு. அப்படியும் துண்டுக்குத் துண்டு விளைச்சல் மாறியது. அதை 1911-ல் வெளியிட்டார்கள். எந்த உரமும் வித்தியாசப்படாத இடத்திலேயே இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, இரண்டு பாத்திகளைப் பக்கத்தில் வைத்து "இந்த உரம் நல்லது" என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விதான் அதே பண்ணைக்கு 1919-ல் வந்து சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ஃபிஷரைத் தொகுதிகளாகப் பிரிப்பது, குலுக்கிப் போடுவது என்ற வழிகளுக்குக் கொண்டுபோனது. இன்று உலகம் முழுக்க வயல் சோதனைகள் நடப்பது அந்த வழியில்தான்.

நாங்கள் தீவன மக்காச்சோளத்தை விதைத்தோம். சீக்கிரம் வளரும், பச்சையாகவே அறுத்து எடை போட்டுவிடலாம், மணி பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முழு நிலத்துக்கும் ஒரே உழவு, ஒரே இடைவெளி, உரம் எதுவும் இல்லை. களையெடுப்பும் தண்ணீரும் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில்.

ஆண் பூ தலைகாட்டியதும் அறுவடை. சுற்றிலும் 1 மீட்டர் ஓரத்தை முதலில் வெட்டி அப்புறப்படுத்திவிட்டோம், ஓரத்துச் செடிக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும், அதைச் சேர்த்தால் கணக்கு கெடும். மீதி 40-க்கு 32 மீட்டர். அதை 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 80 சதுரம். ஒவ்வொரு சதுரத்தையும் தனியாக அறுத்து, கட்டி, தராசில் தொங்கவிட்டு, எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் பிடித்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முதல் நாள் பனி உலர்ந்த பிறகு ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் ஆர்வத்தில் விடியற்காலையிலேயே இறங்கிவிட்டோம். இலையெல்லாம் ஈரம். முதல் இரண்டு சதுரம் எடை போட்டதுமே எண் முந்தின நாளைவிடத் தூக்கலாக இருந்தது. கட்டைத் தூக்கினால் கையெல்லாம் தண்ணீர் வழிந்தது. பச்சை எடையை மட்டும் நம்பினால் பனியையும் சேர்த்துத்தான் எடை போட்டுக்கொண்டிருப்போம். நல்லவேளையாக ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் 1 கிலோ எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்து உலர் எடை பார்ப்பது என்று முன்னமே வைத்திருந்தோம். அந்த உலர் எடை விகிதம்தான் அந்தக் காலைப் பிழையைச் சரிசெய்தது. அப்போதிருந்து எங்கள் பண்ணையில் இரண்டு வழக்கம் நிலைத்துவிட்டது: பனி உலராமல் அறுவாள் எடுப்பதில்லை, ஒரு வேலையைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் ஒரு வரிசையை முடித்துவிட்டு நிறுத்துவது.

எடையை எல்லாம் கட்டம் போட்ட காகிதத்தில் ஏற்றி, குறைந்ததற்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு இளம்பச்சை, கூடியதற்குக் கரும்பச்சை என்று மாணவர்கள் வண்ணம் தீட்டினார்கள். கடைசிக் கட்டத்தைத் தீட்டும் முன்பே அறையில் பேச்சு நின்றுவிட்டது. மேற்கு ஓரத்தில் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே மஞ்சள் பட்டை. சுமார் 10 மீட்டர் அகலம். அங்கே ஒரு சதுரத்துக்குச் சராசரியாக 17 கிலோ பச்சைத் தீவனம். கிழக்கில் 28-லிருந்து 31 கிலோ. நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்டது.

பெரியவரைக் கூப்பிட்டுச் சுவரில் காட்டினேன். மஞ்சள் பட்டையில் விரலை வைத்து, "இவ்வளவு தூரம்னு நான் நினைக்கலையே" என்றார்.

கம்பியும் வளையமும்

பட்டை தெரிந்துவிட்டது, காரணத்தையும் உறுதி செய்ய வேண்டும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் ஒரே அளவு ஈரமாக இருக்கும்போது, ஒரு சன்னமான இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தோம். காய்ந்த மண்ணில் இதைச் செய்தால் எல்லா இடமும் இறுகியதாகவே காட்டும், பயன் இல்லை. கிழக்குப் பக்கம் கம்பி 30 சென்டிமீட்டர்வரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மேற்கில் 13, 14 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. அதற்கு மேல் உடம்பு பாரத்தைக் கொடுத்தும் நகரவில்லை. அங்கே தோண்டிப் பார்த்தபோது மக்காச்சோள வேர்கள் அதே ஆழத்தில் திரும்பி, தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. ஒரு வேரை நீரில் அலசி மாணவிகள் கையில் கொடுத்தேன். முழங்கை மடங்கியதுபோல் ஒரு வளைவு. டிராக்டர் சக்கரம் என்ன செய்யும் என்று அதற்குப் பிறகு நான் பாடம் எடுக்கவே தேவைப்படவில்லை.

அடுத்தது நீர் ஊடுருவல். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் ஒன்று போதும். பலகையை மேலே வைத்துச் சுத்தியலால் தட்டி, பாதியளவு மண்ணுக்குள் இறக்க வேண்டும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் 442 மில்லி தண்ணீர் ஊற்றி, தாளை மெல்ல உருவ வேண்டும். இந்த வளையத்துக்குள் 442 மில்லி என்பது 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமம். தாள் இல்லாமல் நேரே ஊற்றினால் தண்ணீர் மண்ணைக் கிளறி, மெல்லிய சேறு துவாரங்களை அடைத்துவிடும். முதல் தடவை ஊற்றுவது மண்ணை நனைக்க மட்டும். அது வடிந்ததும் அதே அளவை மறுபடி ஊற்றி, அப்போதுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

கிழக்கில் இரண்டாவது தடவைத் தண்ணீர் 7 நிமிடத்தில் உள்ளே போனது. மேற்கில் 52 நிமிடம். அந்த 52 நிமிடமும் இரண்டு மாணவர்கள் வளையத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரின் பளபளப்பு மறைந்து மண் மட்டும் மினுங்கும் கணத்தில் நிறுத்த வேண்டும், அந்தக் கணத்தைத் தவறவிடக் கூடாது. ஒரே மழை, ஒரே நிலம். ஒரு பக்கம் பயிருக்குப் போகிறது, மறுபக்கம் வழிந்து ஓடுகிறது.

மண்ணின் அடர்த்தியையும் பார்த்தோம். 5 சென்டிமீட்டர் விட்டம், 5 சென்டிமீட்டர் உயரமுள்ள குழாயில் மண்ணைக் கலைக்காமல் எடுத்தால் 98 கன சென்டிமீட்டர். 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டு, அந்தக் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி. கிழக்கில் 128 கிராம், அதாவது கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம். மேற்கில் இறுகிய அடுக்கில் 158 கிராம், 1.6. வேர் நுழைய முடியாத எல்லை மண்ணுக்கு மண் மாறும்: களிமண்ணுக்கு 1.47-ஐ ஒட்டி, மணற்பாங்கான மண்ணுக்கு 1.8-ஐ ஒட்டி. எங்களுடையது இரண்டுக்கும் நடுவிலான செம்பாதி மண், அதற்கு 1.6 என்பது நல்ல செய்தி இல்லை.

மண் கட்டிகளை எடுத்துத் தண்ணீரில் மூழ்கும் கம்பி வலைமேல் வைத்துப் பார்க்கும் சோதனையையும் செய்தோம். எல்லோரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஒரு கண்ணாடிப் பாத்திரம் போதும். ஓரத்துப் புல்தரையிலிருந்து எடுத்த கட்டி ஐந்து நிமிடம் கழித்தும் உருண்டையாகவே இருந்தது. வருடா வருடம் உழுத மேற்குப் பட்டையின் கட்டி தண்ணீரில் பட்டதும் குமிழி விட்டு, ஒரு நிமிடத்துக்குள் வலை வழியாகச் சேறாக உதிர்ந்தது. வேரும் பூஞ்சை இழைகளும் சேர்த்துப் பிடித்திருக்கும் மண்ணுக்கும், பிடிமானம் இல்லாத மண்ணுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். இதைப் பார்த்த பிறகு மட்கு உரம் எதற்கு என்ற கேள்விக்குச் சத்துக் கணக்கு மட்டும் பதில் ஆகாது என்று மாணவர்களுக்கே புரிந்தது.

திட்டத்தைத் திருப்பிப் போட்டது

இப்போது முதல் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தொகுதியும் மேற்கிலிருந்து கிழக்காக நீண்டிருந்தது. அதாவது ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாத்தி மஞ்சள் பட்டையில், ஒரு பாத்தி நடுவில், ஒரு பாத்தி நல்ல மண்ணில். ஒரு தொகுதிக்குள் இருக்கும் பாத்திகள் முடிந்த அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் அவற்றுக்குள் தெரியும் வித்தியாசத்தை உரத்தின்மேல் ஏற்ற முடியும். நாங்கள் செய்தது நேர் எதிர். குலுக்கலில் மட்கு உரம் மூன்று தடவை மேற்கில் விழுந்திருந்தால், டிராக்டர் செய்த பாவத்தை மட்கு உரத்தின் தலையில் கட்டியிருப்போம். மூன்று தடவை கிழக்கில் விழுந்திருந்தால் அதற்கு இல்லாத பெருமையைக் கொடுத்திருப்போம். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம். ஏனென்றால் இந்தப் பண்ணையில் எல்லோரும் மட்கு உரம் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்கள். நான் உட்பட. விருப்பத்துக்கு ஒத்துப்போகும் எண்ணை யாரும் இரண்டாவது தடவை சரிபார்ப்பதில்லை.

சரி, மாற்றினோம். தொகுதிகளை வடக்கு தெற்காக நிறுத்தினோம். மேற்கிலிருந்து கிழக்காக நான்கு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பாத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. பாத்தியின் 8 மீட்டர் நீளம் கிழக்கு மேற்காகவே இருக்கட்டும் என்று விட்டோம். மண் மாறிக்கொண்டு போகும் திசையில் பாத்தி நீண்டிருந்தால், தொகுதிக்குள் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை மூன்று பாத்திகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். 8 மீட்டரில் நான்கு, நடுவில் 2 மீட்டரில் மூன்று பாதை, மொத்தம் 38. இரண்டு ஓரத்திலும் 2 மீட்டர் விட்டால் 42 சரியாகப் போய்விட்டது. முதல் தொகுதி முழுக்க மஞ்சள் பட்டைக்குள் விழுந்தது. வடக்கு தெற்காக 22 மீட்டர் போதும். தெற்கில் மிஞ்சிய துண்டை மண் குழி தோண்டிக் காட்ட மாணவர்களுக்கு விட்டுவிட்டோம்.

மேற்குப் பட்டையை ஆழ உழுது உடைத்துவிட்டு ஆரம்பிக்கலாமே என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான், இரண்டு வாரம் யோசித்தேன். உடைத்தால் நிலம் சமமாகிவிடும் என்ற உறுதி இல்லை, ஆழ உழுத மண் சரியாகக் கையாளாவிட்டால் மறுபடி இறுகிவிடும். அதைவிட, இறுகிய மண்ணை ஆணிவேர்ப் பயிரும் மட்கும் எத்தனை வருடத்தில் திறக்கும் என்பதைப் பார்க்க எங்களுக்கு இயற்கையாகவே ஒரு தொகுதி கிடைத்திருக்கிறது. அதை ஏன் அழிக்க வேண்டும்? அப்படியே விட்டோம்.

அப்புறம் குலுக்கல். எந்தப் பாத்திக்கு எந்த முறை என்று சீட்டெழுதிப் போட்டுத்தான் எடுத்தோம், தொகுதிக்கு ஒரு தடவை. பாதையோரப் பாத்தியில் மட்கு உரம் வந்தால் பார்வையாளர்களுக்குக் காட்ட வசதி என்று சிலர் சொன்னார்கள். சீட்டில் அங்கே வேதி உரம் வந்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன். வருகிறவர்கள் இன்னும் பத்து அடி நடந்து உள்ளே வந்து பார்க்கட்டும்.

சமமான உரம் என்றால் என்ன

மிகவும் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்த இடத்தில். ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்று வைத்துக்கொண்டோம். 48 சதுர மீட்டர் பாத்திக்கு 480 கிராம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆக 1.04 கிலோ யூரியா, மூன்று தவணையாக. இது சுலபம்.

எங்கள் மட்கு உரத்தில் உலர் எடையில் 1.2 சதவீதம் தழைச்சத்து இருப்பதாகப் பரிசோதனை சொன்னது. 480 கிராமுக்கு 40 கிலோ உலர் மட்கு வேண்டும். அள்ளிப் போடும் மட்கு ஈரமாக இருக்கும். 500 கிராம் எடுத்துக் காயவைத்தால் 300 கிராம் வந்தது, அதாவது 40 சதவீதம் ஈரம். அப்படியானால் 40-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும், பாத்திக்கு சுமார் 67 கிலோ. ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் 40 கிலோவை மட்டும் அள்ளிப் போட்டிருந்தால் மட்கு உரத்துக்குப் பாதிச் சாப்பாடு போட்டுவிட்டுப் போட்டிக்கு அனுப்பியதுபோல் ஆகியிருக்கும்.

ஆனால் மட்கில் இருக்கும் தழைச்சத்து முழுதும் முதல் வருடமே பயிருக்குக் கிடைக்காது. பெரும் பகுதி அங்ககப் பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கும், நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல அவிழ்த்துவிடும். உடனே கிடைக்கும் அளவை யூரியாவோடு சமப்படுத்த வேண்டுமென்றால் நான்கு ஐந்து மடங்கு மட்கு கொட்ட வேண்டியிருக்கும். அப்படிக் கொட்டினால் பயிர் எடுத்துக்கொள்வதைவிடப் பல மடங்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் குவியும், மழையில் வழிந்து நீர்நிலையைப் பாசி பிடிக்க வைக்கும். சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மொத்தத் தழைச்சத்தைச் சமமாக வைப்பது, முதல் சில வருடம் மட்குப் பாத்தி பின்தங்கினால் அதை மறைக்காமல் எழுதுவது என்று முடிவெடுத்தோம்.

ஒரே மட்கு நான்கு பாத்திக்கும் போக வேண்டும் என்பதிலும் கவனமாக இருந்தோம். மூன்று குவியல்கள் இருந்தன. 55-லிருந்து 65 டிகிரிவரை சூடு ஏற விட்டு, பல தடவை புரட்டி, ஆறவைத்தவை. மூன்றும் ஒரே மாதிரி மட்கவில்லை. மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, சலித்து, பிறகுதான் எடை போட்டோம். ஒரு தொகுதிக்கு ஒரு குவியல் என்று கொடுத்திருந்தால் எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

தவறிய இரண்டு இடங்கள்

பசுந்தாள் உரப் பாத்திகளில் சணப்பை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதோம். மழை வரும்போலிருந்தது, அவசரத்தில் ஐந்தாம் நாளே மக்காச்சோளத்தை எல்லாப் பாத்திகளிலும் ஊன்றிவிட்டோம். மற்ற பாத்திகளில் முளைப்பு வரிசையாக வந்தது. சணப்பைப் பாத்திகளில் இங்கொன்றும் அங்கொன்றும். விதையைத் தோண்டி எடுத்தால் சிலது அழுகி, சிலது முளைவிட்டுச் சுருங்கியிருந்தது. சாறு நிறைந்த பச்சை மட்கும்போது முதல் நாட்களில் மண்ணில் சூடும், பூஞ்சையும், விதைக்கு ஒத்துவராத பொருட்களும் கூடும். குறைந்தது இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், மேகத்தைப் பார்த்ததும் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

சணப்பைப் பாத்திகளில் மட்டும் மறுவிதைப்பு செய்தால் அவற்றின் பயிர் மற்றதைவிட இரண்டு வாரம் இளையதாகிவிடும். ஆகவே 12 பாத்திகளிலும் முளைத்ததைக் கொத்திவிட்டு, ஒரே நாளில் மறுபடி ஊன்றினோம். அழகாக முளைத்த எட்டுப் பாத்திகளைக் கொத்துவது கஷ்டமாக இருந்தது. ஒரு மாணவி கொத்தாமல் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அவளே முதல் வரிசையை ஆரம்பித்தாள்.

இரண்டாவது தவறு மழையில் தெரிந்தது. யூரியா தூவிய மூன்றாம் நாள் ஒரே மூச்சில் கனமழை. பத்து நாள் கழித்துப் பார்த்தால், இரண்டாம் தொகுதியில் வேதி உரப் பாத்திக்குக் கீழே இருந்த மட்குப் பாத்தியின் மேல் ஓரத்தில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கரும்பச்சைப் பட்டை. மற்ற இடத்தில் இளம்பச்சை. கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. 2 மீட்டர் புல் பாதையைத் தாண்டி யூரியா கலந்த நீர் வழிந்து வந்திருக்கிறது. பாத்தியின் நான்கு பக்கமும் 1 மீட்டர் உள்ளே தள்ளி, நடுவில் 6-க்கு 4 மீட்டரைத்தான் எடைக்கு எடுத்துக்கொள்வோம் என்பதால் அந்த வருடத்துக் கணக்கு தப்பியது. மண் மாதிரி எடுப்பதும் அந்த உள்பகுதியில்தான்.

அதைச் சரிசெய்த விதம்: ஒவ்வொரு பாத்தியைச் சுற்றியும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு. பாதையின் நடுவில் மண்வெட்டி அகலத்துக்கு ஒரு வாய்க்கால், நீர் நிலத்துக்கு வெளியே போகும்படி. வரப்பில் புல்லை நட்டோம், இல்லாவிட்டால் அடுத்த மழையில் வரப்பே கரைந்து பாத்திக்குள் இறங்கிவிடும். அடுத்த பருவத்தில் இதைவிடப் பெரிய மழை பெய்தது, பட்டை தெரியவில்லை.

சின்னதாக இன்னொன்று. மண் மாதிரிப் பைகளுக்குள் பேனாவால் எழுதிய சீட்டுகளைப் போட்டிருந்தோம். ஈரத்தில் மை பரவி நான்கு பைகள் எந்தப் பாத்தி என்றே தெரியாமல் போனது, மறுபடி எடுத்தோம். இப்போது பென்சில் மட்டும், ஒரு சீட்டு உள்ளே, ஒரு சீட்டு வெளியே.

எத்தனை வருடம்

முதல் பருவ அறுவடையில் மட்குப் பாத்திகள் எதிர்பார்த்தபடியே பின்தங்கின. வெளிறிய பயிரைப் பார்த்து, "நம்ம முறை தோத்துப் போச்சா சார்?" என்று கேட்டான் ஒருவன். கேட்டவனின் குரலில் இருந்த வருத்தம் எனக்கும் இருந்தது.

அன்று அவர்களுக்குச் சில பழைய திடல்களைப் பற்றிச் சொன்னேன். சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற இடத்தில் 1978-ல் தொடங்கிய டாக் சோதனையில் இயற்கை முறைகளும் வழக்கமான முறையும் அருகருகே வைக்கப்பட்டன. 21 வருட முடிவு 2002-ல் வந்தது. இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. ஆனால் உரமும் ஆற்றலும் 34-லிருந்து 53 சதவீதம் குறைவாகச் செலவானது, பூச்சிமருந்துப் பயன்பாடு 97 சதவீதம் குறைந்தது. மண்ணின் உயிர்ப்பும் கூடியிருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரோடேல் நிறுவனம் 1981-ல் தொடங்கிய திடலில், முறை மாறிய முதல் வருடங்களில் இயற்கை முறை மக்காச்சோளம் பின்தங்கி, பிறகு மற்றதை எட்டிப்பிடித்தது. எந்த முறை ஜெயித்தது என்பதைவிட, அவர்கள் எதையெல்லாம் அளந்தார்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதைச் சொன்னேன்.

ரோதம்ஸ்டெட்டிலேயே ஹூஸ்ஃபீல்டு என்ற வயலில் ஒரு பாத்தி இருக்கிறது. 1852 முதல் 1871 வரை இருபது வருடம் அதற்குத் தொழுவுரம் போட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பிடி எரு விழவில்லை. நூறு வருடம் தாண்டியும், எருவே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அந்த மண்ணில் அங்ககப் பொருள் கூடுதலாக இருப்பது அளவில் தெரிந்தது. இதைச் சொன்னபோது கேள்வி கேட்ட பையன் எதுவும் பேசவில்லை. மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் 12 பாத்திகளுக்கும் தனித்தனிப் பக்கம் பிரித்து, ஒவ்வொன்றிலும் முப்பது வரி கோடு போட்டு வைத்திருந்தான். வருடத்துக்கு ஒரு வரி.

இப்போது மூன்றாவது பருவம் நடக்கிறது. தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம் பெரிதாகவே இருக்கிறது, முதல் தொகுதி இன்னும் மற்றவற்றைவிடக் கீழேதான். அதற்குள் இருக்கும் மூன்று பாத்திகளை ஒப்பிட முடிகிறது என்பதுதான் நாங்கள் சம்பாதித்தது. போன வாரம் அந்தத் தொகுதியின் சணப்பைப் பாத்தியில் கம்பியை இறக்கிப் பார்த்தோம். ஐந்து இடத்தில் நான்கில் பழையபடி 14 சென்டிமீட்டரில் நின்றது. ஐந்தாவது இடத்தில் 19-க்குப் போனது. தோண்டிப் பார்த்தால் மட்கிப்போன ஒரு சணப்பை ஆணிவேர் விட்டுச் சென்ற துளை, அதன் சுவரை ஒட்டி மக்காச்சோளத்தின் வெள்ளை வேர் ஒன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு துளையை வைத்து எதையும் சொல்லக் கூடாது. பாத்தியின் பக்கத்தில், மூன்றாவது வரியில், "5-ல் 1" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.